குப்பையை நடுரோட்டுக்குக் கொண்டுவந்த பிள்ளைகள்

சுற்றுச்சூழல் என்ற சொல்லை உச்சரித்த மாத்திரத்தில் நமக்கு முன்னால் விரிக்கப்படும் படம் ஒன்று உண்டு. காடு, புலி, யானை வழித்தடம், பெயர் தெரியாத பறவை, அதைப் பார்க்கத் தொலைநோக்கி மாட்டிக்கொண்டு போகும் கனவான். அந்தப் படத்தில் சேரி கிடையாது. சேரிக்குப் பின்னால் குவிந்து புகைந்துகொண்டிருக்கும் குப்பைமேடு கிடையாது. குப்பைமேட்டைப் பற்றிப் பேசினால் அது சுகாதாரத்துறை விஷயமாகிவிடும். குப்பை அள்ளுகிறவர் செத்தால் தொழிலாளர் துறைக்குப் போய்விடும். ஏன் அந்தச் சாதிக்காரர் மட்டும் அள்ளுகிறார் என்று கேட்டால் ஆதிதிராவிடர் நலத்துறை. இப்படித் துறை துறையாகக் கூறுபோட்டு விட்டால் கேள்வி செத்துப்போகும். அதுதானே அவர்களுக்கும் வேண்டும்.

வரலாறும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1962இல் ரேச்சல் கார்சன் எழுதிய 'மௌன வசந்தம்', பிறகு 1970 ஏப்ரல் 22 அன்று அமெரிக்காவில் இரண்டு கோடிப் பேர் கலந்துகொண்டதாகச் சொல்லப்படும் முதல் புவி நாள் என்று பாடப்புத்தகம் தொடங்கும். கார்சனைக் குறைத்துச் சொல்ல எனக்கு எந்த எண்ணமும் இல்லை. பூச்சிமருந்துக் கம்பெனிகளைத் தனி ஆளாக எதிர்த்து நின்ற பெண் அவர். ஆனால் அந்தப் புவி நாளுக்கு ஒன்பது மாதம் முந்தி, 1969 ஜூலை 27 ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க் நகரத்தின் கிழக்கு ஹார்லெம் பகுதியில் ஒரு சம்பவம் நடந்தது. பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் மாநகராட்சி அள்ளாமல் விட்ட குப்பையை மூட்டை மூட்டையாகத் தூக்கிவந்து, மூன்றாவது அவென்யூவின் நடுவில் கொட்டி, போக்குவரத்தை மறித்து, நெருப்பு வைத்தார்கள். இது சுற்றுச்சூழல் வரலாற்றில் வராது. கலவரம் என்ற தலைப்பில் போலீஸ் கோப்பில் வரும். சரியாகச் சொன்னால், வந்தது. அந்தக் கோப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்தப் பிள்ளைகள் யார்? போர்ட்டோ ரிக்கோ என்பது கரிபியன் கடலில் உள்ள தீவு. 1898இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா பிடுங்கிக்கொண்டது. 1917இல் அந்த மக்களுக்குக் குடியுரிமை கொடுத்தது. ஆனால் தீவிலிருந்துகொண்டு அமெரிக்க ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை, இன்றுவரைக்கும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு தீவில் கரும்பு விவசாயத்தைத் தள்ளிவிட்டுத் தொழிற்சாலைகளைக் கொண்டுவந்தார்கள். வேலை போனவர்கள் லட்சக்கணக்கில் நியூயார்க்குக்கு வந்தார்கள். தையல் பட்டறை, ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறது, ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறது என்று வேலை. குடியிருப்பு கிழக்கு ஹார்லெம். அவர்கள் வாயில் எல் பாரியோ, அதாவது நம்ம பேட்டை. பழைய அடுக்குமாடிகள், சுவர் பெயர்ந்த அறைகள், ஒரே வீட்டில் ரெண்டு மூணு குடும்பம்.

இந்தக் குடும்பங்களில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போன சில பிள்ளைகள் 1969 தொடக்கத்தில் ஒரு படிப்பு வட்டம் வைத்திருந்தார்கள். போர்ட்டோ ரிக்கோ விடுதலைத் தலைவர் அல்பிசு காம்போஸ் பெயரில் அது இயங்கியது. மிக்கி மெலெந்தெஸ், ஃபெலிப்பே லுசியானோ, பாப்லோ குஸ்மான், ஹுவான் கொன்சாலெஸ், டேவிட் பெரெஸ் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். இவர்களில் ஹுவான் கொன்சாலெஸ் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர். அந்தப் பெயரைக் கேட்டால் நமக்கு ஒரு நிமிஷம் நிற்கத் தோன்றும். பாபாசாகேப் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த இடம் அது. மேட்டின்மேல் பல்கலைக்கழகம், இறங்கினால் மார்னிங்சைடு பூங்கா, பூங்காவுக்கு அந்தப் பக்கம் கறுப்பு மக்களின் ஹார்லெம். அந்தப் பூங்கா நிலத்தில் பல்கலைக்கழகம் தனக்கு உடற்பயிற்சிக்கூடம் கட்டத் தொடங்கியது. ஹார்லெம் மக்களும் ஒரு பகுதியைப் பயன்படுத்தலாமாம், ஆனால் கீழ்ப்பக்கத் தனி வாசல் வழியாக! தனி வாசல் என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1968 ஏப்ரலில் மாணவர்கள் பல்கலைக்கழகக் கட்டிடங்களைக் கைப்பற்றினார்கள். வியட்நாம் போர் ஒரு காரணம், இந்தக் கூடம் இன்னொரு காரணம். கூடத்தைக் கட்டும் வேலை கைவிடப்பட்டது. ஊர்ப் பொது நிலம் யாருக்கு என்ற அந்தச் சண்டையில் பயிற்சி பெற்றவர்தான் கொன்சாலெஸ்.

இன்னொரு பக்கம் சிகாகோ. அங்கே யங் லார்ட்ஸ் என்ற பெயரில் போர்ட்டோ ரிக்கோ இளைஞர்களின் தெருக் கும்பல் ஒன்று இருந்தது. அடிதடிக் கும்பல்தான், மறைக்க ஒன்றுமில்லை. அதன் தலைவன் ஹொசே 'சாச்சா' ஹிமெனெஸ் சிறையில் படித்து, யோசித்து, 1968இல் கும்பலை அரசியல் அமைப்பாக மாற்றினார். கருஞ்சிறுத்தைகளின் சிகாகோத் தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டனோடும், ஏழை வெள்ளை இளைஞர்களோடும் சேர்ந்து கூட்டணி அமைத்தார்கள். (ஹாம்ப்டனை 1969 டிசம்பர் 4 விடியற்காலையில் போலீஸ் படுக்கையிலேயே சுட்டுக் கொன்றது. வயது 21.) கருஞ்சிறுத்தைகளின் பத்திரிகையில் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு நியூயார்க் பிள்ளைகள் காரெடுத்துக்கொண்டு சிகாகோவுக்கே போய் அனுமதி வாங்கி வந்தார்கள். 1969 ஜூலை 26 அன்று யங் லார்ட்ஸின் நியூயார்க் கிளை பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அவர்கள் ஒரு காரியம் செய்திருந்தார்கள், அதுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். புரட்சி என்ற சொல்லை வைத்துக்கொண்டு பேட்டைக்குள் இறங்கி, டோமினோ ஆடிக்கொண்டிருந்த பெரியவர்களிடமும், படிக்கட்டில் உட்கார்ந்திருந்த தாய்மார்களிடமும் கேட்டார்கள்: உங்களுக்கு என்ன வேண்டும்? போலீஸ் கொடுமை, தீவின் விடுதலை, வியட்நாம் என்று ஏதாவது பெரிய பதில் வரும் என்று எதிர்பார்த்தார்கள். வந்த பதில் 'லா பசூரா'. குப்பை! குப்பையை எவனும் அள்ள மாட்டேங்கிறான், நாறுது, எலி ஓடுது, அதுக்கு வழி பண்ணுங்க.

படித்த பிள்ளைக்கு இது ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். மார்க்ஸும் ஃபனானும் படித்துவிட்டு வந்தவனிடம் குப்பையைப் பற்றிப் பேசினால்? நம்மிலும் பலருக்கு இந்தச் சிக்கல் உண்டு. ஊருக்குப் போய் சாதி ஒழிப்புப் பற்றிக் கூட்டம் போட்டால், கிழவி எழுந்து, மோட்டார் ரிப்பேராகி ஒன்பது நாளாச்சு, தண்ணி வரலை, அதுக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க என்பாள். மனுவையும் சாதி ஒழிப்பையும் தனித்தனியாகப் பார்க்கிறவன் அடுத்த கூட்டத்துக்கு ஆள் சேர்க்க முடியாது. அந்தப் பிள்ளைகள் அப்படிப் பார்க்கவில்லை. குப்பை எப்படி வந்தது என்று யோசித்தார்கள்.

பணக்காரத் தெருக்களில் அடிக்கடி வரும் லாரி கிழக்கு ஹார்லெமுக்குப் பேருக்கு வந்துபோகும். வந்தாலும் பாதியைத் தெருவிலேயே சிந்திவிட்டுப் போவார்கள். குப்பைத் தொட்டிகள் போதாது. முந்தின வருஷம், 1968 பிப்ரவரியில், நியூயார்க் துப்புரவுத் தொழிலாளர்கள் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்தபோது நகரமே ஆடிப்போனது. தினமும் ஏறத்தாழ 10,000 டன் குப்பை தெருவில் சேர்ந்தது. பத்திரிகைகள் அலறின. ஒன்பது நாள் மன்ஹாட்டன் பணக்காரர்கள் அனுபவித்ததைக் கிழக்கு ஹார்லெம் மக்கள் வருஷம் பூரா அனுபவித்தார்கள் என்று எழுதத்தான் ஆளில்லை. அதே பிப்ரவரியில் தெற்கே மெம்ஃபிஸ் நகரத்தில் 1,300 கறுப்புத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மழைக்குக் குப்பை லாரிக்குள் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளர்களை அந்த லாரியின் அமுக்கு இயந்திரம் நசுக்கிக் கொன்றதுதான் காரணம். அவர்களுக்காகப் பேசப்போன மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று அங்கேதான் சுட்டுக்கொல்லப்பட்டார். குப்பை என்பது சின்ன விஷயமல்ல தோழர்களே.

பிள்ளைகள் முதலில் பெருக்கத் தொடங்கினார்கள். துப்புரவுத் துறை அலுவலகத்தில் போய் விளக்குமாறு கேட்டார்கள்; கொடுக்கவில்லை. எப்படியோ விளக்குமாறு வந்துசேர்ந்தது, அது வேறு கதை. ஞாயிற்றுக்கிழமைதோறும் தெருவைப் பெருக்கி மூட்டை கட்டி ஓரமாக அடுக்கி வைத்தார்கள். மக்கள் ஒருமாதிரிப் பார்த்தார்கள். காலேஜ் புள்ளைங்களுக்கு என்ன ஆச்சு? பிறகு சிலர் தாங்களும் வந்து பெருக்கினார்கள். மூட்டையை அள்ள மாநகராட்சி லாரி வரவேண்டுமே, வரவில்லை.

இந்த இடத்தில்தான் வழி இரண்டாகப் பிரிகிறது. நம் நாட்டிலும் விளக்குமாறு எடுத்த பெரியவர்கள் உண்டு. காந்தி எடுத்தார். 2014இல் தொடங்கிய 'தூய்மை இந்தியா'வில் மந்திரிகளும் நடிகர்களும் எடுத்தார்கள், புகைப்படக்காரர் வந்த பிறகு. அந்த விளக்குமாறு சொல்லும் செய்தி, பெருக்குவது புனிதமான வேலை, எல்லாரும் பெருக்குவோம் என்பது. குப்பையை யார் போட்டது, அள்ளும் பணம் எங்கே போனது, பரம்பரையாக ஒரு சாதியின் கையில் அந்த விளக்குமாறு ஏன் இருக்கிறது என்ற கேள்விகளைக் கூட்டித் தள்ளுகிற விளக்குமாறு அது. யங் லார்ட்ஸ் பிள்ளைகளும் அங்கேயே நின்றிருந்தால், ஊர் மெச்சும் சேவை சங்கம் ஆகியிருப்பார்கள். அவர்கள் பெருக்கிய குப்பையைத் தூக்கி, அதை உண்டாக்கிய நகரத்தின் முகத்துக்கு முன்னால் வைத்தார்கள். இதுக்கு மேல நாங்க மறைச்சு வைக்க மாட்டோம், நீயும் மோந்து பாரு என்பதுதான் அதன் பொருள். 1927இல் அம்பேத்கர் மகர் மக்களிடம் செத்த மாட்டை இழுக்காதே என்று சொன்னதற்கும் இதற்கும் உறவு இருப்பதாக நான் நினைக்கிறேன். அதே வருஷம் மார்ச் 20ஆம் தேதி மகாட் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்ததையும் நான் சுற்றுச்சூழல் போராட்டம் என்றே படிக்கிறேன். அப்போது அவருக்கு வயது 35.

ஜூலை 27க்கு ஒரு வாரம் முந்தித்தான் அமெரிக்கா நிலாவில் மனிதனை இறக்கியிருந்தது. நிலா வரைக்கும் போகத் தெரிந்த அரசுக்கு 110ஆம் தெரு வரைக்கும் ஒரு லாரி அனுப்பத் தெரியவில்லை. மறியல் அன்றோடு முடியவில்லை. ஆகஸ்ட் பூராவும், செப்டம்பர் தொடக்கம் வரையிலும் விட்டுவிட்டு நடந்தது. உடைந்த குளிர்பெட்டி, கிழிந்த மெத்தை, கைவிடப்பட்ட கார் எல்லாம் ரோட்டுக்கு வந்தன. போலீஸ் வந்ததும் கலைந்து அடுத்த தெருவில் கூடுவார்கள். தாய்மார்களும் கிழவர்களும்கூட மெத்தையைத் தூக்கிவந்து போட்டார்கள். முறையாகக் குப்பை அள்ள வேண்டும், தொட்டியும் விளக்குமாறும் தர வேண்டும், துப்புரவுத் துறை வேலையில் போர்ட்டோ ரிக்கோ மக்களையும் கறுப்பர்களையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டார்கள். கடைசிக் கோரிக்கையைக் கவனியுங்கள். அங்கே அது சங்கம் வைத்த, நல்ல சம்பளம் உள்ள நகரசபை வேலை. அதனால் அது வெள்ளையர் கையில் இருந்தது. நமக்கு மாத்திரம் இந்தக் கணக்கு தலைகீழ். பிறப்பு வேலையைத் தீர்மானித்துவிட்டதால் சம்பளம் எப்போதும் கீழே. நவம்பரில் மேயர் தேர்தல் வேறு வந்தது. மேயர் ஜான் லிண்ட்சேயின் ஆட்கள் பேசுவதற்கு இறங்கி வந்தார்கள். லாரிகளும் வந்தன.

குப்பையோடு நின்றிருந்தால் இவர்களைப் பற்றி இவ்வளவு எழுதத் தேவையில்லை. அடுத்துப் பிடித்தது சுவர். பழைய வீடுகளின் சுவரில் ஈயம் கலந்த பெயிண்ட். 1960இலேயே நியூயார்க் நகரம் வீட்டுக்குள் ஈயப் பெயிண்ட் அடிக்கத் தடை போட்டுவிட்டது. ஆனால் ஏற்கெனவே அடித்ததைச் சுரண்டி எடுக்க வீட்டுக்காரனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பெயிண்ட் செதில் செதிலாக உதிரும். ஈயம் இனிக்கும். தவழ்கிற குழந்தை எடுத்து வாயில் போடும். ரத்தத்தில் ஏறிய ஈயம் மூளையைத் தாக்கும். அதிகமானால் வலிப்பு, மரணம். கொஞ்சமாக இருந்தால் படிப்பு ஏறாது, நிலைகொள்ளாது. பிறகு வாத்தியார் சொல்வார், இந்தப் புள்ளைங்களுக்கு மூளை அவ்வளவுதான் என்று. சுவர் செய்த கொலையை இனத்தின் குணமாக மாற்றுகிற வித்தை இது. நம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லப்படுகிற 'தகுதி, திறமை'க் கதைகளையும் இதோடு வைத்துப் பார்க்கலாம்.

சிறுநீரில் ஈயத்தைக் கண்டுபிடிக்கும் 40,000 சோதனைப் பைகள் நகர சுகாதாரத்துறையின் கைக்கு வந்தும் பயன்படாமல் கிடந்தன. 1969 நவம்பர் கடைசியில் யங் லார்ட்ஸும் மருத்துவ மாணவர்களும் சுகாதாரத்துறை அலுவலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். 200 பைகள் கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, குழந்தைகளைச் சோதித்து, கணக்கெடுத்தார்கள். சோதித்த குழந்தைகளில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினரிடம் ஈய நச்சின் அறிகுறி இருந்தது. பத்திரிகைகள் எழுதின. 1970இல் நகர நிர்வாகம் ஈய நச்சைத் தடுப்பதற்கென்று தனிப் பிரிவு தொடங்க வேண்டி வந்தது. அதே வருஷம் ஜூன் 17 அன்று, காசநோய்க்கு மார்பு எக்ஸ்ரே எடுக்கும் அரசு வண்டியைப் பிடித்துத் தங்கள் பேட்டைக்கு ஓட்டிவந்தார்கள். வண்டி ஊழியர்களை வைத்தே மக்களைச் சோதித்தார்கள். கடைசியில் நகர நிர்வாகமே அந்த வண்டியை அங்கே ஓட்ட ஒத்துக்கொண்டது. ஜூலை 14 அன்று பிராங்ஸ் பகுதியில் இடிந்துபோன லிங்கன் ஆஸ்பத்திரியைச் சுமார் 150 பேர் பன்னிரண்டு மணி நேரம் கைப்பற்றி வைத்திருந்தார்கள். 1976இல் அந்த ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டிடம் வந்தது.

பெண்கள் விஷயத்தில் மட்டும் முதலில் சறுக்கினார்கள். அவர்களின் 13 அம்சத் திட்டத்தில், ஆண்மை புரட்சிகரமானதாக இருக்க வேண்டும் என்ற பொருளில் ஓர் அம்சம் இருந்தது. தலைமைக் குழு பூராவும் ஆண்கள். டெனிஸ் ஆலிவர், ஐரிஸ் மொராலெஸ் போன்ற தோழியர் இதென்ன புரட்சிகர ஆண்மை என்று கேட்டுச் சண்டை போட்டார்கள். 1970இல் அந்த வாசகம் எடுக்கப்பட்டு, பெண்களுக்குச் சமத்துவம், ஆணாதிக்கம் ஒழிக என்று திருத்தி எழுதப்பட்டது. ஆலிவர் தலைமைக் குழுவுக்கு வந்தார். குப்பையும் ஈயமும் காசநோயும் வீட்டுக்குள் யார் தலையில் விழுகின்றன என்று தெரிந்தவர்கள் பெண்கள். அவர்கள் உள்ளே வந்த பிறகுதான் கருத்தடை, கட்டாயக் கருப்பை அறுவை போன்றவை அமைப்பின் பேச்சில் இடம்பெற்றன. நம் இயக்கங்களின் மேடைகளில் எத்தனை நாற்காலி பெண்களுக்கு என்று எண்ணிப் பார்க்கிறவர்கள் எண்ணிக்கொள்ளட்டும்.

பிறகு என்ன ஆயிற்று? 1971இல் தீவுக்கே போய்க் கிளை தொடங்குகிறோம் என்று ஆட்களையும் பணத்தையும் பிரித்தார்கள். தீவின் மக்களுக்கு நியூயார்க்கிலிருந்து வந்த இந்தப் பிள்ளைகள் அந்நியமாகத் தெரிந்தார்கள். பேட்டையிலோ ஆள் குறைந்தது. 1972இல் பெயரை மாற்றி போர்ட்டோ ரிக்கோ புரட்சிகரத் தொழிலாளர் அமைப்பு ஆனார்கள். உள்சண்டை, ஒருவரையொருவர் உளவாளி என்று சந்தேகிப்பது, அடிதடி. உண்மையிலேயே உளவாளிகளும் இருந்தார்கள், எஃப்.பி.ஐ. அதற்கென்றே திட்டம் வைத்திருந்தது. 1976 வாக்கில் கதை முடிந்தது. குப்பையைக் கேட்ட கிழவியின் வாசற்படியை விட்டு விலகிய நாளில் முடிவு தொடங்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம். அரசு அடக்குமுறை மட்டுமே காரணம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இப்போது அந்தக் கோப்பு. ஜோஹான்னா ஃபெர்னாண்டெஸ் என்ற வரலாற்றாசிரியை யங் லார்ட்ஸ் பற்றி ஆராய்ந்தபோது, நியூயார்க் போலீஸ் அந்தக் காலத்தில் எடுத்த உளவுக் கோப்புகளைக் கேட்டார். காணவில்லை என்றார்கள். வழக்குப் போட்டார். 2016இல் ஒரு கிடங்கிலிருந்து 520 பெட்டிகள் 'கண்டுபிடிக்கப்பட்டன'. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள். யங் லார்ட்ஸோடு அந்தக் காலத்தின் எல்லா இயக்கங்களும் அதில் இருந்தன. அவருடைய நூல் 2020இல் வந்தது. அதுவரைக்கும் அந்தப் பிள்ளைகளின் ஒவ்வொரு கூட்டத்தையும் அக்கறையாகக் குறித்து வைத்த வரலாற்றாசிரியன் போலீஸ்காரன்தான்.

இதைப்போன்ற வேறு கதைகளும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். 1967 மே மாதம் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில், கறுப்பர் குடியிருப்பான சன்னிசைடில் இருந்த மாநகராட்சிக் குப்பைக்கிடங்கின் நீர்க்குழியில் கறுப்புக் குழந்தை ஒன்று மூழ்கி இறந்தது. கிடங்கை மூடு என்று மாணவர்கள் போராடினார்கள். கறுப்பர்களின் கல்லூரியான டெக்சாஸ் சதர்ன் பல்கலைக்கழகத்துக்குள் போலீஸ் புகுந்து ஆயிரக்கணக்கான குண்டுகளைச் சுட்டது. ஒரு போலீஸ்காரர் செத்தார். 488 மாணவர்களைக் கைது செய்தார்கள். ஐந்து பேர்மீது போட்ட வழக்கு நிற்கவில்லை. அதே பல்கலைக்கழகத்தில் 1979இல் ராபர்ட் புல்லார்ட் என்ற இளம் சமூகவியல் ஆசிரியர், ஒரு வழக்குக்காகத் தன் மாணவர்களை அனுப்பி ஹூஸ்டனின் குப்பை எங்கெங்கே போகிறது என்று கணக்கெடுத்தார். நகரத்தில் கறுப்பர்கள் கால் பங்கு. மாநகராட்சியின் 5 குப்பைக்கிடங்குகளில் ஐந்தும், 8 எரிஉலைகளில் ஆறும் கறுப்பர் பகுதிகளில். வழக்கு தோற்றது, கிடங்கு வந்தது. கணக்கு மட்டும் நின்றது. ஊர்க் குப்பை சேரிப் பக்கம்தான் கொட்டப்படுகிறது என்று நமக்கும் தெரியும், கண்ணால் பார்க்கிறோம். எங்கள் ஊரிலும் பேரூராட்சி வண்டி சுடுகாட்டைத் தாண்டி எங்கள் தெருப் பிள்ளைகள் பந்து விளையாடும் மேட்டில்தான் கொட்டும். ஆனால் வட்டத்துக்கு வட்டம், தெருவுக்குத் தெரு இப்படி எண்ணி எழுதி வைத்திருக்கிறோமா? கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு இதைவிட நல்ல ஆய்வுத் தலைப்பு எனக்குத் தெரியவில்லை.

1982இல் வட கரோலினா மாநிலம், ஏழைக் கறுப்பர்கள் பெரும்பான்மையாக இருந்த வாரன் மாவட்டத்தில் பி.சி.பி. என்ற நச்சு கலந்த மண்ணைக் கொண்டுவந்து புதைத்தது. லாரிகளுக்கு முன்னால் மக்கள் படுத்தார்கள். 500 பேருக்கு மேல் கைது. அவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். நச்சு புதைக்கப்பட்டதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் அங்கிருந்து 1987இல் நாடு தழுவிய ஆய்வறிக்கை வந்தது. அது சொன்னது இதுதான்: நச்சுக் கழிவு எங்கே போகும் என்பதைத் தீர்மானிப்பதில் வருமானத்தைவிட இனமே முதல் காரணம். 1991 அக்டோபரில் வாஷிங்டனில் நிறத்தவர்களின் முதல் சுற்றுச்சூழல் மாநாடு கூடி 17 கோட்பாடுகளை எழுதியது. 'சுற்றுச்சூழல் நீதி' என்று இன்று எல்லாரும் சாவகாசமாகப் பேசுகிற சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு கைதும் இவ்வளவு தோல்வியும் இருக்கின்றன.

பால்டிமோர் நகரத்தின் கர்ட்டிஸ் பே இன்னும் சமீபத்தியது. ஆலைகள், நிலக்கரிக் குவியல், எண்ணெய்த் தொட்டிகளுக்கு நடுவே கறுப்பர்களும் ஏழை வெள்ளையர்களும் வாழும் துறைமுகப் பேட்டை. அங்கே தினம் 4,000 டன் குப்பையை எரிக்கும் உலை ஒன்றை, உயர்நிலைப் பள்ளியிலிருந்து ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் கட்ட அனுமதி கொடுத்திருந்தார்கள். குப்பை எரித்து மின்சாரம் எடுக்கிறோம், இது பசுமை என்று பேச்சு. அந்தப் பள்ளி மாணவர்களை இப்சனின் 'மக்கள் விரோதி' நாடகம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். ஊர்க் குளியல் நீரில் நச்சு இருப்பதைச் சொன்ன மருத்துவரை ஊரே விரோதி என்று ஒதுக்கும் கதை. வெளியே வந்த டெஸ்டினி வாட்ஃபோர்டும் மற்ற பிள்ளைகளும் இது நம்ம கதையாச்சே என்று குழு அமைத்தார்கள். வீடு வீடாகப் போனார்கள். பிறகு சாமர்த்தியமான வேலை ஒன்று செய்தார்கள்: அந்த மின்சாரத்தை வாங்கப்போவது யார் என்று தோண்டினார்கள். வாங்குவோர் பட்டியலில் அவர்களுடைய பள்ளி நிர்வாகமே இருந்தது! எங்கள் நுரையீரலைக் கெடுக்கிற மின்சாரத்தை எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வாங்குகிறீர்களா என்று கல்வி வாரியத்தின் முன்னால் போய்ப் பாட்டும் பேச்சுமாகக் கேட்டார்கள். 2015இல் வாரியம் விலகியது, மற்ற வாடிக்கையாளர்களும் விலகினார்கள். 2016 மார்ச்சில் அரசு அந்த உலையின் அனுமதி காலாவதியாகிவிட்டது என்று அறிவித்தது. வாட்ஃபோர்டுக்குக் கோல்ட்மேன் பரிசு கிடைத்தபோது வயது 20. பரிசுக்குப் பிறகும் பேட்டை அப்படியேதான் இருந்தது. 2021 டிசம்பர் 30 அன்று அங்கிருந்த நிலக்கரி முனையத்தில் வெடிப்பு நடந்து வீடுகளின் கண்ணாடிகள் சிதறின. அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் இப்போது கரித்தூசியை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

யங் லார்ட்ஸுக்குப் பாதை காட்டிய அதே கருஞ்சிறுத்தைகளின் பெயரைத்தான் 1972இல் பம்பாயில் நாம்தேவ் டசால், ஜே.வி. பவார், ராஜா தாலே போன்ற இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரே வேரிலிருந்து கடல் தாண்டி இரண்டு கிளைகள். ஒரு கிளை தொடங்கியது குப்பையில். மறு கிளைக்குக் குப்பை ஜென்மத்திலேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் துப்புரவுத் தொழிலாளர்கள், அதிலும் அதிகம் பெண்கள், குப்பை அள்ளுவதைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் அவர்களைத் தூக்கி வண்டியில் ஏற்றியது. அவர்களோடு நின்ற இளம் வழக்கறிஞர்களும் சட்ட மாணவர்களும் பிடிக்கப்பட்டார்கள். அதே வருஷம் கொடுங்கையூரில் எரிஉலை வேண்டாமென்று வடசென்னை மக்கள் வீதிக்கு வந்தார்கள். ஒன்றைத் தொழிலாளர் செய்தி என்றும் மற்றதைச் சுற்றுச்சூழல் செய்தி என்றும் பிரித்துப் படித்தோம். இரண்டிடத்திலும் நின்ற பெண்களுக்கு அந்தப் பிரிவினை தெரியாது. ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்தவள் அள்ளிய குப்பைதான் கொடுங்கையூர் மேட்டுக்குப் போகிறது.